போக்கும் வரவும்: வெளிநாடுகளில் இஸ்ரேலியத் தொழில்நுட்பர்கள்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை விற்பனைக்கு விட்டது. அந்தப் பெட்டிக்குள் ஓடிய இன்டெல் 8088 செயலியை வடிவமைத்த ஆய்வகம் மத்தியதரைக் கடலோரத் துறைமுக நகரமான ஹைஃபாவில் இருந்தது. பணவீக்கமும் போரும் மாறி மாறி வாட்டிய ஒரு சிறு நாட்டுக்கு அந்த வேலை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தேடினால், அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய ஒரு மனிதரிடம் வந்து நிற்போம்.

டோவ் ஃப்ரோமன் 1939-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதர். பெற்றோர் நாஜிகளுக்குப் பலியானார்கள். ஒரு டச்சுக் குடும்பம் பிள்ளையை ஒளித்து வளர்த்தது. 1949-இல் இஸ்ரேலுக்கு வந்தார். ஹைஃபாவின் டெக்னியானில் படித்துவிட்டு மேற்படிப்புக்குக் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனார். முதலில் ஃபேர்சைல்ட், பிறகு அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த இன்டெல். அங்கே அவர் உருவாக்கிய ஈப்ராம் என்ற நினைவகச் சில்லு, புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடியது. இன்டெலுக்குப் பல ஆண்டுகள் லாபத்தைக் கொட்டியது. அந்தப் பேரோடும் புகழோடும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அவரோ கானா நாட்டின் குமாசிக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கிருந்து ஜெருசலேமுக்கு வந்து எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1974-இல் பழைய முதலாளிகளிடம் பேசிப் பேசி, ஹைஃபாவில் ஒரு வடிவமைப்பு மையம் திறக்க வைத்தார். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் திறந்த முதல் வடிவமைப்பு மையம் அதுதான். 1985-இல் ஜெருசலேமில் சில்லு உற்பத்தி ஆலையும் வந்தது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்தபோதும் ஆலையை மூடாமல் நடத்தியவர் என்று அவரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

ஃப்ரோமன் போன்றவர்கள் போனதை நாடு எப்படிப் பார்த்தது? நல்லபடியாக இல்லை. உலகெங்கும் சிதறிய யூதர்களை ஒன்று சேர்ப்பதற்காகவே உருவான நாடு என்பதால், வருகிறவர்கள் 'ஏறி வந்தவர்கள்', போகிறவர்கள் 'இறங்கிப் போனவர்கள்' என்றே எபிரேயப் பேச்சு வழக்கில் இடம்பெற்றார்கள். 1976-இல் பிரதமர் யிட்ஸாக் ராபின், நாட்டைவிட்டுப் போனவர்களை உதிர்ந்து விழுந்த நோஞ்சான்கள் என்ற பொருளில் தொலைக்காட்சியில் ஏசினார். பின்னாளில் அந்தப் பேச்சிலிருந்து அவரே விலகிக்கொண்டார். ஆனாலும் அந்த வசவு ஒரு தலைமுறையின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்த இஸ்ரேலியர்கள் பல ஆண்டுகள் ஆன பிறகும் 'அடுத்த வருஷம் திரும்பிவிடுவோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களில் இத்தகையவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் நத்தான் உரியெலி, நிரந்தரமாகத் தங்கிவிட்டும் தற்காலிகமாக வந்தவர்களைப் போலவே வாழ்கிறவர்கள் என்று வகைப்படுத்தினார்.

எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கும் நெடுநாள் குழப்பமாகவே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் யூத முகமையின் உயர் அதிகாரி ஷ்முவேல் லஹிஸ் தந்த அறிக்கை, அமெரிக்காவில் மட்டும் 3 முதல் 5 லட்சம் இஸ்ரேலியர்கள் இருப்பதாகச் சொல்லிப் பீதியைக் கிளப்பியது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இஸ்ரேலில் பிறந்தவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 1.1 லட்சம்தான், அதில் அரபு மக்களும் அடக்கம். வேறு நாட்டில் பிறந்து இஸ்ரேல் வழியாக அமெரிக்கா சேர்ந்தவர்கள் இதில் வரமாட்டார்கள் என்பது உண்மையே. அதைக் கூட்டினாலும் இரண்டு எண்ணுக்கும் இடையிலான பள்ளம் பெரியது. அச்சம் பிடித்த அரசுகள் தலைகளைக் கூட்டித்தான் எண்ணும்.

தலைக்கணக்கை விட்டுவிட்டு, போனவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. உயர் தொழில்நுட்பத்தில் இஸ்ரேலியர்களின் இடப்பெயர்ச்சி, வேலை தேடிப் போகிற வழக்கமான குடிப்பெயர்ச்சியிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. உள்நாட்டுச் சந்தை சிறியது. பக்கத்து நாடுகள் நெடுங்காலம் எதையும் வாங்கவில்லை. மென்பொருளோ சில்லோ செய்கிற இஸ்ரேலிய நிறுவனத்துக்கு முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளர் அமெரிக்காவில்தான் இருந்தார். அதனால் நிறுவனமே இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது: ஆய்வும் வடிவமைப்பும் ஹைஃபாவிலோ டெல் அவீவிலோ, விற்பனை, சந்தைப்படுத்தல், முதலீட்டாளர்களோடு பேச்சு எல்லாம் பாஸ்டனிலோ கலிபோர்னியாவிலோ. நிறுவனர்களில் ஒருவர் குடும்பத்தோடு விமானம் ஏறுவது தொழில் நடத்துவதன் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் முன்னோடி உசியா கலில். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்து, மோட்டரோலாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1962-இல் எல்ரோன் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கிளையாக முளைத்த எல்சின்ட் என்ற மருத்துவக் கருவி நிறுவனம், 1972-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்ட முதல் இஸ்ரேலிய நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. இன்டெலில் வேலை பார்த்த ஆர்யே ஃபைன்கோல்ட் இன்னொரு மாதிரி. சிலிக்கான் பள்ளத்தாக்கிலேயே டெய்சி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். பிறகு இஸ்ரேல் திரும்பி 1989-இல் மெர்க்குரி இன்டராக்டிவைத் தொடங்கினார். மென்பொருளில் பிழை தேடும் கருவிகளைச் செய்த அந்த நிறுவனத்தை 2006-இல் எச்பி 450 கோடி டாலருக்கு வாங்கியது. எஃபி அராசி நேர் எதிர்த்திசையில் போனார்: இஸ்ரேலில் 1968-இல் சைடெக்ஸை நிறுவி அச்சுத் தொழிலையே மாற்றியவர், இருபது ஆண்டு கழித்துக் கலிபோர்னியாவுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து ஒரு நிறுவனத்தை எழுப்பினார்.

திரும்பாதவர்களின் கதை இன்னும் சுவையானது. அப்ளைடு மெட்டீரியல்ஸ் என்ற பெயர் பொது வாசகர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. உலகின் சில்லு ஆலைகளுக்கு எந்திரம் செய்து கொடுக்கும் பெரும் நிறுவனம் அது. 1980-இல் பெல் ஆய்வகத்திலிருந்து அங்கே போன டான் மைடான் 1993 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்தார். அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் பாக்தாத்தில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த சாசன் சோமெக். இந்த இருவரும் டேவிட் வாங் என்ற சீனரும் சேர்ந்து கொண்டுவந்த பிரிசிஷன் 5000 எந்திரம் 1987-இல் வெளிவந்தது. இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவர்கள் திரும்பவில்லை. ஆனால் 1990-களின் நடுவில் ஓபல், ஓர்போட் என்ற இரண்டு இஸ்ரேலிய நிறுவனங்களை அப்ளைடு வாங்கி, ரெஹோவோத்தில் பெரிய மையம் வளர்ந்ததற்கு, நிறுவனத்தின் உச்சியில் எபிரேயம் பேசுகிறவர்கள் இருந்தது ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

எலி ஹராரியும் அப்படித்தான். டெல் அவீவில் பிறந்து பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர்; 1988-இல் சான்டிஸ்க்கைத் தொடங்கினார். கூட இருந்த இருவர் ஜாக் யுவான் என்ற சீனரும், கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ராவும். கேமராவிலும் கைபேசியிலும் செருகுகிற மெமரி கார்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டணிதான். 2006-இல் பென் டிரைவை உருவாக்கியவர்களில் ஒருவரான டோவ் மோரனின் எம்-சிஸ்டம்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை சான்டிஸ்க் ஏறத்தாழ 155 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. போனவர் வாங்குகிறவராகத் திரும்பி வந்தார்.

இந்தப் போக்குவரவை முதலில் முறையாக விளக்கியவர் பெர்க்லியின் அனலீ சாக்ஸெனியன். 2006-இல் வந்த 'தி நியூ ஆர்கோநாட்ஸ்' நூலில் அவர் தைவான், இஸ்ரேல், இந்தியா, சீனா ஆகிய நாட்டுப் பொறியாளர்களை ஒப்பிட்டார். மூளைகள் வடிந்துபோகின்றன என்ற புலம்பலுக்குப் பதிலாக, மூளைகள் சுழல்கின்றன என்றார். போனவர்கள் தொடர்புகளையும் தொழில் நடத்தும் முறைகளையும் தாய்நாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு இடமும் வளர்கின்றன. இஸ்ரேலுக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை. குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டவர்களைத் தூதர்களாக்க ஒரு கோட்பாடு கிடைத்துவிட்டதே!

கோட்பாட்டுக்கு வலு சேர்த்தது அரசின் ஒரு முதலீட்டுத் திட்டம். அதன் பின்னணியை முதலில் பார்ப்போம். 1987 ஆகஸ்டில் லாவி போர் விமானத் திட்டத்தை இஸ்ரேலிய அமைச்சரவை 12-க்கு 11 என்ற கணக்கில் கைவிட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வெளிநாடு போனார்கள். ஒரு பகுதியினர் சிறு நிறுவனங்கள் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்து இறங்கினார்கள். அவர்களில் பொறியாளர்கள் ஏராளம். திறமை கொட்டிக் கிடந்தது. பணமும் சந்தை அறிவும் இல்லை. 1993-இல் தலைமை விஞ்ஞானி அலுவலகத்தில் யிகால் எர்லிஷ் முன்னெடுத்த யோஸ்மா திட்டம், 10 கோடி டாலர் அரசுப் பணத்தைப் பெரும்பாலும் 10 துணிகர முதலீட்டு நிதிகளில் போட்டது. ஒவ்வொரு நிதியிலும் வெளிநாட்டுக் கூட்டாளி இருக்க வேண்டும். லாபம் வந்தால் அரசின் பங்கைத் தனியாரே வாங்கிக்கொள்ளலாம். அந்நிய முதலீட்டாளர்களோடு பேசத் தெரிந்த, அமெரிக்காவில் வேலை பார்த்துப் பழகிய இஸ்ரேலியர்களுக்கு அன்று வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. திட்டம் தொடங்கியபோது பிரதமர் நாற்காலியில் இருந்தவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அதே யிட்ஸாக் ராபின்.

அடுத்த அலை ராணுவத்திலிருந்து வந்தது. ராணுவ உளவுத்துறையின் 8200 பிரிவில் பதினெட்டு, இருபது வயதில் சிக்னல்களை இடைமறிக்கவும் குறியீடுகளை உடைக்கவும் பழகியவர்கள், சேவை முடிந்ததும் கணினிப் பாதுகாப்புத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். அங்கே பயின்ற நிர் சுக், செக் பாயின்ட் நிறுவனத்தில் தொடக்க கால ஊழியர். 1990-களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போனார். 2005-இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸை நிறுவினார். பழைய நிறுவனத்தோடு அவருக்கு இருந்த பகை ஊரறிந்தது. செக் பாயின்டைக் கொல்கிறவன் என்று படிக்கும்படியான எழுத்துகளைத் தன் கார் எண் பலகையிலேயே பொறித்துக்கொண்டார். பகை எப்படியோ, கணக்கு வேறு மாதிரி முடிந்தது: அவருடைய நிறுவனம் டெல் அவீவில் பெரிய ஆய்வு மையம் வளர்த்தது, இஸ்ரேலிய நிறுவனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியது. 2025 ஜூலையில் சைபர்ஆர்க்கைச் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அந்த சைபர்ஆர்க்கின் நிறுவனர்களில் ஒருவரான உடி மொகாடியும் பல ஆண்டுகளாக பாஸ்டன் பக்கம் இருந்துகொண்டு நிறுவனத்தை நடத்தியவர்தான். அதே ஆண்டு மார்ச்சில் கூகுள் 3,200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த விஸ், 2020-இல் தொடங்கியது. தலைமையகம் நியூயார்க், மூளை டெல் அவீவ்.

எல்லாமே வெற்றிக் கதை என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க்கில் இருந்து காம்வர்ஸ் நிறுவனத்தை நடத்திய கோபி அலெக்சாண்டர், பங்கு ஒதுக்கீட்டுத் தேதிகளை முன்தேதியிட்ட வழக்கில் 2006-இல் நமீபியாவுக்குப் போய்த் தங்கினார். பத்தாண்டு கழித்து அமெரிக்கா திரும்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். பீர்ஷெபாவில் பிறந்து கடற்படையில் இருந்த ஆடம் நியூமன், நியூயார்க்கில் வீவொர்க்கைக் கட்டி எழுப்பினார். ஒரு கட்டத்தில் அதன் மதிப்பை 4,700 கோடி டாலர் என்றார்கள். 2019-இல் பங்கு வெளியீடு நொறுங்கியது. 2023 நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மேசை நாற்காலி வாடகைக்கு விடுவதை எப்படி உயர் தொழில்நுட்பம் என்று முதலீட்டாளர்களை நம்பவைத்தார் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

இவர்கள் எல்லாம் தலைப்புச் செய்திக்காரர்கள். பெயர் தெரியாத பெரும்பான்மை, சன்னிவேலிலும் குப்பர்டினோவிலும் பாலோ ஆல்டோவிலும் கூகுள், ஆப்பிள், இன்டெல் அலுவலகங்களில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது. பலர் அதே நிறுவனத்தின் இஸ்ரேல் கிளையிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்கு என்று மாற்றலாகி வந்தவர்கள். பாலோ ஆல்டோவின் யூத சமூக மையத்தில் அவர்களுக்கென்றே எபிரேய நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 2011-இல் அதே ஊரின் யூனிவர்சிட்டி அவென்யூவில் ஓரன்ஸ் ஹம்முஸ் என்ற உணவகத்தைத் திறந்தவரும் ஓரன் டோப்ரான்ஸ்கி என்ற தொழில்நுட்பத் தொழில்முனைவர். நல்ல ஹம்முஸ் கிடைக்காத குறையைத் தானே தீர்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு வார இறுதியில் எபிரேயம் பேசும் சாரணர் இயக்கம் உண்டு. கலிபோர்னியாவின் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோருக்கு இந்தக் கவலை புதிதாக இருக்காது.

ஆனால் இஸ்ரேலியப் பெற்றோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. நாட்டில் கட்டாய ராணுவ சேவை இருப்பதால் வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கும் அந்தக் கடமை தொடர்கிறது. பிள்ளைக்கு எந்த வயதாக இருக்கும்போது குடும்பம் வெளியேறியது என்பதைப் பொறுத்து விதி மாறும். பல வீடுகளில் திரும்பலாமா வேண்டாமா என்ற பேச்சு மூத்த பிள்ளையின் வயதை வைத்தே நடக்கிறது. எதிர்பாராத திருப்பமும் உண்டு: 1991-இல் சாரணர் இயக்கம் தொடங்கிய கரின் ட்ஸாபார் என்ற திட்டத்தின் வழியே, அமெரிக்காவில் வளர்ந்த இஸ்ரேலியப் பிள்ளைகள் தாங்களாகவே போய் ராணுவத்தில் சேர்கிறார்கள். அப்பா குப்பர்டினோவில், மகள் நெகேவ் பாலைவன முகாமில்.

மனைவியரின் நிலை பற்றி அதிகம் பேசப்படவில்லை. சமூகவியலாளர் லிலாக் லெவ்-ஆரி 2008-இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பே அமெரிக்கக் கனவு ஆண்களுக்கு மட்டுமா என்று கேட்கிறது. மாற்றல் பெரும்பாலும் கணவனின் வேலைக்காக வருகிறது. மனைவி வக்கீலாகவோ உளவியலாளராகவோ இருந்தால் புதிய நாட்டில் உரிமமும் மொழியும் தடையாகின்றன. எச்-1பி விசாக்காரரின் துணைக்கு அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி 2015 வரை இல்லை. அதன்பின்னும் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் தாண்டியவர்களின் துணைக்குத்தான். இதில் இஸ்ரேலியர்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். ஒரே நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் தொழில்சார் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கிறார்கள். சிறிய நாட்டிலிருந்து வருகிறவருக்கு அவ்வளவு நீண்ட வரிசை இல்லை. 2019 முதல் இஸ்ரேலிய முதலீட்டாளர்களுக்கும் இ-2 விசா திறந்தது. பக்கத்து மேசையில் இருக்கும் சென்னைக்காரர் கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கையில், ஹைஃபாக்காரர் துணிந்து வேலையை விட்டுச் சொந்த நிறுவனம் தொடங்குவதற்குத் துணிச்சல் மட்டுமே காரணம் அல்ல.

'இஸ்ரேலியர்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஆப்பிளின் சில்லுகள் அனைத்துக்கும் பின்னால் உள்ள ஜானி ஸ்ரூஜி, ஹைஃபாவில் பிறந்த அரபு கிறிஸ்தவர். டெக்னியானில் படித்து, ஐபிஎம், இன்டெல் நிறுவனங்களில் வேலை பார்த்து, 2008-இல் ஆப்பிளுக்குப் போனார். பிற்பாடு ஆப்பிள் இஸ்ரேலில் பெரிய வடிவமைப்பு மையங்களை வளர்த்தது. ஆரக்கிளை நீண்ட காலம் நடத்திய சாஃப்ரா காட்ஸ், ஹோலோனில் பிறந்து ஆறு வயதில் அமெரிக்கா போனவர். ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரான இலியா சுட்ஸ்கேவர் ரஷ்யாவில் பிறந்து, ஐந்து வயதில் ஜெருசலேம் வந்து, பதினாறில் கனடா போனார். 2024-இல் அவர் தொடங்கிய புதிய நிறுவனத்துக்கு அலுவலகங்கள் என்று இரண்டு இடங்களை அறிவித்தார்: பாலோ ஆல்டோ, டெல் அவீவ். இவர்களில் யாரை 'இழந்தோம்' என்று எழுதுவது, யாரை 'நம்மவர்' என்று கொண்டாடுவது என்பதில் இஸ்ரேலியப் பத்திரிகைகளுக்கே ஒரு நிலையான வழக்கம் கிடையாது.

பெருமைப் பட்டியல்கள் தவிர்க்கிற ஒன்றும் உண்டு. 8200 பிரிவைத் திறமையின் நாற்றங்கால் என்று வணிகப் பத்திரிகைகள் புகழ்கின்றன. அந்தத் திறமை எங்கே பழகப்பட்டது? 2014 செப்டம்பரில் அதே பிரிவின் 43 ரிசர்வ் படையினர், ஆக்கிரமிப்புப் பகுதிகளில் பாலஸ்தீனர்களை வேவு பார்க்கும் வேலையைச் செய்யமாட்டோம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட போரின்போது இந்தக் கேள்வி சிலிக்கான் பள்ளத்தாக்கின் அலுவலகங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. இஸ்ரேலிய அரசோடு கூகுளும் அமேசானும் 2021-இல் செய்த நிம்பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்துப் போராடிய ஊழியர்களை 2024 ஏப்ரலில் கூகுள் வேலையை விட்டு நீக்கியது. 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்குத் தந்துவந்த சில சேவைகளை நிறுத்தியது. இந்த அலுவலகங்களில் வேலை பார்க்கும் இஸ்ரேலியர் இன்று சக ஊழியரிடம் தன் ராணுவ வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது ஒருமுறை யோசிக்கிறார்.

இனி, சுழற்சி என்ற கோட்பாடு எவ்வளவு தூரம் தாங்கும்? பொருளியலாளர் டான் பென்-டேவிட் நெடுங்காலமாகவே அதைச் சந்தேகித்தவர். 2000-களின் நடுவில் அமெரிக்காவின் தலைசிறந்த 40 கணினி அறிவியல் துறைகளில் மட்டும் இருந்த இஸ்ரேலியப் பேராசிரியர்களின் எண்ணிக்கை, இஸ்ரேலில் இருந்த அத்துறைப் பேராசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம் என்று அவர் கணக்கிட்டார். நிறுவனம் நடத்துகிறவர் டெல் அவீவில் கிளை திறக்கலாம். பேராசிரியர் தன் மாணவர்களை இரண்டாகப் பிரித்துவைக்க முடியாது. 2017-இல் பட்டதாரி ஒருவர் திரும்பினால் 4.5 பேர் போனார்கள் என்பது அவருடைய ஷோரெஷ் நிறுவனத்தின் இன்னொரு கணக்கு. திரும்பி வந்து மொபைல்ஐ தொடங்கிய அம்னோன் ஷாஷுவாவை எல்லோரும் காட்டுகிறார்கள். எதிர்த்தட்டில் ஜூடியா பேர்ல் இருக்கிறார்: டெல் அவீவில் பிறந்து, டெக்னியானில் படித்து, 1960-இல் போனவர், செயற்கை நுண்ணறிவுக்காக 2011-ஆம் ஆண்டின் டூரிங் விருது வாங்கியபோது லாஸ் ஏஞ்சல்ஸ்காரராகவே இருந்தார்.

2023 இந்த விவாதத்தைச் சூடாக்கியது. நெதன்யாகு அரசு நீதித்துறையின் அதிகாரத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தபோது தொழில்நுட்பத் துறையினர் வாரா வாரம் தெருவில் இறங்கினார்கள். பப்பாயா குளோபல் தலைவர் ஐனத் குவெஸ் நிறுவனத்தின் பணத்தை நாட்டிலிருந்து எடுப்பதாகவே ஜனவரியில் அறிவித்தார். புதிய நிறுவனங்கள் அமெரிக்காவின் டெலவேரில் பதிவு செய்வது வழக்கமானது. பாலோ ஆல்டோவில் தொழில் நடத்தும் ஆஃபிர் குடெல்சன் முதலானோர் தொடங்கிய இயக்கம், செப்டம்பரில் எலான் மஸ்கைச் சந்திக்க நெதன்யாகு கலிபோர்னியா வந்தபோது அங்கேயும் கொடி பிடித்தது. போய்விட்டவர்கள் தாய்நாட்டு அரசியலுக்காக வெளிநாட்டில் ஊர்வலம் போனது அதுவரை அதிகம் காணாத காட்சி.

அடுத்த மாதம் அக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் படையினர் அழைக்கப்பட்டார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் பலர் கிடைத்த விமானத்தில் ஏறித் திரும்பினார்கள். பிறகு நீண்ட போர். 2023 அக்டோபர் முதல் 2024 ஜூலை வரை உயர் தொழில்நுட்ப ஊழியர்களில் சுமார் 8,300 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ நாட்டைவிட்டுப் போனதாக அரசின் இஸ்ரேல் புத்தாக்க ஆணையமே சொல்கிறது. துறையின் மொத்த ஊழியர்களில் இது 2.1 சதவீதம். நாடு முழுவதையும் எடுத்தால் 2024-இல் போனவர்கள் 82,700 பேர், நீண்ட காலம் கழித்துத் திரும்பியவர்கள் 23,800 பேர். போனவர்களில் கணிசமானோர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2.1 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கோடிப் பேர் உள்ள நாட்டில் ஏறத்தாழ 4 லட்சம் ஊழியர்கள்தான் இந்தத் துறையில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கும் ஏற்றுமதியில் பாதிக்கு மேலும், சம்பளக்காரர்கள் கட்டும் வருமான வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் அவர்களிடமிருந்து வருகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. முன்பு நிறுவனம் ஒருவரை அனுப்பியது, குடும்பம் பின்னால் போனது. இப்போது குடும்பம் முதலில் முடிவெடுக்கிறது. பிறகு நிறுவனத்திடம் மாற்றல் கேட்கிறார்கள். மைடானும் ஹராரியும் போனபோது பின்னால் இருந்த டெக்னியான் புதிய ஆட்களை உருவாக்கிக்கொண்டே இருந்தது. வெளியே போன ஒவ்வொருவரும் உள்ளே வேலை கொண்டுவர ஒரு வழியானார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளோடு, அரசியலில் வெறுத்துப்போய்க் கிளம்புகிறவர் அதே மாதிரி வழியாவாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாக்ஸெனியன் விவரித்த சுழற்சி, திரும்ப வேண்டும் என்ற ஆசை தானாகவே இருக்கும் என்ற எடுகோளின் மேல் நின்றது. அந்த எடுகோள்தான் இன்று ஆட்டம் காண்கிறது.

அரசுக்குத் தெரிந்த மருந்து வரிச் சலுகை. 2008-இல் கொண்டுவந்த திருத்தம், புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கும் நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கும் வெளிநாட்டு வருமானத்துக்குப் பத்தாண்டு வரிவிலக்கு தந்தது. 2025 நவம்பரில் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் இன்னும் தாராளமான ஒன்றை அறிவித்தார்: 2026-இல் வந்து சேர்கிறவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வருமான வரி பூஜ்யம், பிறகு படிப்படியாக உயரும். பணம் சம்பாதிக்கப் போனவர்களை இது கொஞ்சம் இழுக்கலாம். நீதிமன்றத்தின் அதிகாரம், ரிசர்வ் அழைப்பு நாட்கள், தீவிர மதவாதப் பிரிவினருக்கு நடைமுறையில் தொடரும் ராணுவ விலக்கு, முடிவு தெரியாத போர் என்று காரணம் சொல்லிப் போனவர்களிடம் இந்தச் சலுகை செல்லாது. அந்தக் காரணங்களில் பலவற்றை உருவாக்கிய அரசே இந்தச் சலுகையையும் நீட்டுகிறது. பிரச்சினையைத் தவறான அமைச்சகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.